தட்டுச் சத்தத்துக்குத் திரும்பினான், பேருக்குத் திரும்பவில்லை

எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று உண்டு. அதைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து என் மகனைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். அப்போது அவனுக்கு 18 மாதம் முடிந்து 4 நாள். முதல் வரி இது: "பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று தடவை."

இந்த வரியை 14, 15 மாதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டதற்குக் காரணம், அதற்கு முன்னால் அவன் தவழாமல் இருந்தது. அதிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அத்தை, மாமா, நாத்தனார் குடும்பம் எல்லாம் ஒரே வாசலுக்குள் இருக்கிறோம். பையன் 5 மாதத்தில் குப்புற விழுந்தான். 7 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தான். அத்தோடு சரி, தவழவே இல்லை. உட்கார்ந்த வாக்கில் ஒரு காலை மடக்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, புட்டத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்வான். சிவப்புச் சிமெண்ட் தரையில் அவன் போகும் வேகம் கண்ணிலேயே நிற்கிறது. நாத்தனாரின் மகள் அவனைவிட 3 வாரம் சின்னவள். அவள் வாசற்படி தாண்டித் திண்ணை வரைக்கும் தவழ்ந்து போன நாளில் நான் அறைக்குள் போய் அழுதேன்.

சொந்தக்காரர் ஒருவர் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கர் வாங்கி வந்தார், குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் மாதிரி. குழந்தை மருத்துவர் அதைப் பரணில் போடச் சொன்னார். அதில் குழந்தை தொங்கிக்கொண்டு கால் நுனியால் தள்ளுமே தவிர, தன் எடையைத் தானே தாங்கப் பழகாது. படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடாவில் 2004லேயே இதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக மாமா, தச்சரிடம் சொல்லி மூன்று சக்கர நடைவண்டி செய்து வாங்கினார். நடைவண்டியில் குழந்தை பின்னால் நின்று, தன் காலால் நின்றுதான் தள்ள வேண்டும்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளிலேயே 100க்கு 4 பேர் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்திருக்கிறார்கள். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எங்கள் பையன் பதினைந்தரை மாதத்தில், வெறும் தூக்குப்போசி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சமையலறையிலிருந்து கூடம் வரை நடந்தான். கீழே வைக்கச் சொன்னோம். வைத்ததும் உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரத்துக்கு அந்தப் போசி இல்லாமல் நடக்கவில்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம், எல்லாம் அதது அதன் நேரத்துக்கு வரும், நாம் பதறக் கூடாது என்பது. நடைக்கு அது சரியாக இருந்தது. அதே நிதானத்தைப் பேச்சுக்கும் வைத்துக்கொண்டதுதான் என் தவறு.

ஒன்றரை வயதில் அவனிடம் இருந்தது இரண்டு சொல். "ம்மா", "ஆ". இரண்டாவது பாலுக்கும் தண்ணீருக்கும் மாட்டுக்கும் ஒன்றுதான். அத்தை சொன்னார், "உன்ற வீட்டுக்காரனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். ஆம்பளப் பையன் மொள்ளத்தான் பேசுவான் அம்மிணி." அத்தை அன்பாகத்தான் சொன்னார். பையன்கள் சராசரியாகக் கொஞ்சம் பிந்தித்தான் பேசுவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது, ஒன்றரை வயதில் இரண்டு சொல்லோடு நிற்பதற்கு அது காரணம் ஆகாது. ஒரு மருத்துவரும் அப்போது மூன்று வயது வரை பார்க்கலாம் என்றார். அவர் காதைப் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காது எங்கள் யோசனையிலேயே இல்லை. பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்து, 'பாஸ்' என்று எழுதிய சீட்டு பீரோவில் இருந்தது. வீட்டிலும் சோதித்துப் பார்த்தோம். அவனுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தால் சட்டென்று திரும்புவான். "காது ஜம்முனு கேக்குது" என்று எல்லாரும் சிரித்தோம்.

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்குத் துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். நர்சம்மா தாய் சேய் அட்டையைப் புரட்டிக்கொண்டே, "பேரு சொன்னா திரும்புறானா?" என்று கேட்டார். திரும்புவான் என்றேன். "மொகத்தப் பாக்காம? பின்னாடி இருந்து, மெதுவா கூப்பிட்டா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து, அவன் கொள்ளில் டம்ளரை விட்டு அளந்துகொண்டிருந்தபோது நாலடி பின்னால் நின்று கூப்பிட்டேன். பிறகுதான் நோட்டை எடுத்தேன்.

பத்து நாள் எழுதினேன். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லி ரிமோட்டைக் கொண்டுவந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சளி பிடித்து இது இந்த மழைக்காலத்தில் நாலாவது தடவை. வாயைத் திறந்து தூங்குவது, குறட்டை. வலப்பக்கம் படுத்தால் கூப்பிட்டும் எழாதது. நல்லதையும் எழுதினேன். மதில்மேல் காக்கையைக் காட்டுவான். காட்டிவிட்டு, நான் பார்த்தேனா என்று திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். டாட்டா காட்டுவான். பொம்மைக்குச் சோறு ஊட்டுவான். இவை எழுதும்போது சாதாரணமாகத் தெரிந்தன. குழந்தை மருத்துவர் (வேறு ஒருவர், ஈரோட்டில்) நோட்டைப் படித்துவிட்டு, அந்தக் காக்கை வரியில்தான் விரலை வைத்து நின்றார். சுட்டிக்காட்டுவதும், காட்டியதைப் பகிர்ந்துகொள்ள முகம் பார்ப்பதும் பேச்சுக்கு முந்திய பேச்சு என்றார். இரவில் ஃபோனில் தேடித் தேடி நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ, அந்த ஆட்டிசத்துக்கான கேள்விகளையும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே பாதி பயம் போயிற்று. அது இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் பயிற்சி தொடங்கலாம் என்ற அளவில்தான் அவர் பேசினார். வீட்டில் அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தோம். சொல்லியிருந்தால் முன்னாலேயே வந்திருப்போம்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பக்க அட்டவணை இருந்தது. திருவனந்தபுரத்துக் குழந்தைகள் வளர்ச்சி மையத்தில் உருவாக்கியது, பிறந்ததிலிருந்து 2 வயது வரைக்கும், 17 விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்குள் வரும் என்று. மருத்துவர் பென்சிலை எடுத்துக் குழந்தையின் வயது மாதத்தில் செங்குத்தாக வைத்தார். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகள் எல்லாம் குழந்தை செய்ய வேண்டியவை. பென்சில் வெட்டிப்போகும் பட்டைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வளர்ச்சிக்கு ஒரு வீச்சு உண்டு, அந்த வீச்சுக்கு ஒரு முடிவும் உண்டு என்பது அந்தப் பென்சிலைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

என் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னதும், "பிள்ளைத்தமிழே இந்த அட்டவணைதான் கண்ணு" என்றார். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை தூக்கி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை சேர்த்துத் தட்டுவது. ஒரு வயதை ஒட்டி வாரானை, வா என்று அழைத்தால் தளர்நடையிட்டு வருவது. சொல்லிக்கொண்டே வந்தவர் வாரானையில் நிறுத்திவிட்டார். கூப்பிடுகிறது காதில் விழுந்தால்தானே வருவான் என்று நாங்கள் இருவருமே அப்போது நினைத்தோம், சொல்லவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் செய்தது டிம்பனோமெட்ரி என்ற பரிசோதனை. காதில் ரப்பர் முனை ஒன்றைச் சில விநாடி வைக்கிறார்கள், வலி கிடையாது. திரையில் மலை மாதிரி ஒரு கோடு எழும்ப வேண்டும். அவனுக்கு இரண்டு காதிலும் கோடு படுத்தே கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. சின்னக் குழந்தைகளுக்கு அது குட்டையாக, அதிகம் சரிவில்லாமல் இருக்கும். சளி பிடிக்கும்போது அடைத்துக்கொள்ளும், உள்ளே நீர் தேங்கும். பெரும்பாலும் காய்ச்சல் வராது, குழந்தை அழாது, அதனால் யாருக்கும் தெரியாது. பிறந்தபோது செய்த பரிசோதனை அன்றைய காதைச் சொன்னது. இது அப்புறம் வந்தது.

எங்கள் தட்டுச் சோதனையைச் சொன்னேன். அவர் என்னை இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் கணவரிடம் ஏதாவது பேசச் சொன்னார். குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. "உங்க பையன் இதத்தான் கேட்டுட்டு இருக்கான்" என்றார். தட்டுச் சத்தம் கேட்கும், ஆட்டோ ஹாரன் கேட்கும். மெல்லிய எழுத்துகள் கரைந்துபோகும். அவனுடைய சொற்கள் ஏன் வெறும் "ஆ"வாக இருந்தன என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து புரிந்துகொண்டேன்.

காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்ய, பெரா (BERA) என்ற பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போனோம். குழந்தை தூங்கும்போதுதான் செய்ய முடியும், அதனால் விடியற்காலையே எழுப்பி, வழியில் தூங்க விடாமல் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். புளியம்பட்டி வரைக்கும் தாக்குப்பிடித்தான். அன்னூரில் தலை சாய்ந்துவிட்டது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, பஸ் ஜன்னலில் ஆடு காட்டி, ஒரு வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே போய்ப் படுக்கையில் கிடத்தினால் கொட்டக் கொட்ட முழித்திருந்தான். கடைசியில் தூக்க மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள். நரம்பு நன்றாக இருந்தது. பெராவுக்குப் போகிறவர்கள் காரில் போக முடிந்தால் போங்கள், முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல் பின்னால் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகட்டும். மாற்று உடுப்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருத்துவர் சொன்ன சிகிச்சை, மூன்று மாதம் காத்திருப்பது. நிறையக் குழந்தைகளுக்கு அதற்குள் நீர் தானே வடிந்துவிடும். வடியாவிட்டால் செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைக்கலாமா என்று யோசிப்பார்கள். காதுக்கென்று மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. முன்னாலும் நாங்கள் காத்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் எதற்காக என்று தெரியாமல். இப்போது என்ன இருக்கிறது, எது வரைக்கும் பொறுக்கலாம், எந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு காத்திருந்தோம். பிள்ளை பேசவில்லை என்று யார் என்னிடம் கேட்டாலும் இப்போது இதைத்தான் சொல்கிறேன். பொறுத்திருங்கள், ஆனால் முதலில் காதைப் பார்த்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

காதில் எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டியதும் காதில் ஊதுவதும் அன்றோடு நின்றது. நீர் இருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், எண்ணெய் அங்கே போகாது. படுக்க வைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பதையும் நிறுத்தினோம். அத்தைக்கு இதில் வருத்தம் இருந்தது. விரலைக் காதில் வைத்துக் கேட்கும் சோதனையை அத்தைக்கும் செய்து காட்டினோம். அதன் பிறகு அவரே முன்னால் போய் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பேச ஆரம்பித்தார்.

பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு நாள். அவர் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்ததைவிட எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதிகம். நான் நாள் முழுக்க "இது என்ன? இது என்ன சொல்லு?" என்று அவனைப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தச் சொன்னார். கேட்காதீர்கள், சொல்லுங்கள். அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, டிவியை அணைத்துவிட்டு, ஒன்றிரண்டு சொல்லில். "தண்ணி. தண்ணி ஊத்தறேன். சில்லுனு தண்ணி." சொன்னதும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். நாலுக்கு மேல் போக எனக்கு ஒரு வாரம் ஆனது. அவன் "ஆ" என்று தம்ளரைக் காட்டினால், தப்பு என்று சொல்லாமல், "ஆமா, தண்ணி" என்று கொடுத்துவிட வேண்டும். சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைக்கக் கூடாது.

உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் ஒவ்வொன்றுக்கும் சோறு வைத்து, கடைசியில் கையில் நண்டு ஊர விடுவோமே, அந்த விளையாட்டை அவர் ஒரு பயிற்சியாகவே மாற்றினார். அக்குள் வரைக்கும் நண்டைக் கொண்டுபோய், கூச்சம் காட்டுவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். கை அப்படியே நிற்க வேண்டும், கண்ணைப் பார்த்துக்கொண்டே. முதல் நாள் என் கையைப் பிடித்து இழுத்தான். பிறகு சில நாள் "ம்ம், ம்ம்" என்றான். நோட்டில் 23ஆவது நாள்: மழை பெய்துகொண்டிருந்தது, கரண்ட் இல்லை, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. என் விரல் முழங்கை தாண்டி நின்றது. அவன் என் வாயைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான், உதட்டைக் குவித்து "ண்டு" என்றான். நண்டு ஓடியது. பதினோரு தடவை ஓடியது.

ஃபோனில் வீடியோ காட்டுவதைச் சுத்தமாக நிறுத்தினோம். 2 வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும். முதல் நாலு நாள் சாப்பாட்டு நேரம் போராட்டம்தான். ஐந்தாம் நாள் மாமா அவனை மாட்டுத் தொழுவத்தில் உட்கார வைத்து ஊட்டினார், பிரச்சினை தீர்ந்தது.

மூன்று மாதத்தில் வலது காதில் மலை எழும்பியது. இடது காதுக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. குழாய் வைக்கத் தேவைப்படவில்லை. 2 வயது முடிந்த அன்று எண்ணிப் பார்த்தேன், 19 சொல். அந்த வயதில் 50 சொல்லும், இரண்டு சொல்லைச் சேர்ப்பதும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் பயிற்சியை விடவில்லை. 27 மாதத்தில் "அப்பா வண்டி" வந்தது. என் கணவரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது சொன்னான்.

வயதுக் கணக்கைவிட, உடனே போக வேண்டிய அடையாளங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரு வயதில் மழலை ஒலிகளும் கை காட்டுவதும் சுட்டுவதும் இல்லாதிருப்பது, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதது, 2 வயதில் இரண்டு சொல் சேராதது. எல்லாவற்றையும்விட, வந்த சொல்லோ வந்த பழக்கமோ எந்த வயதிலாவது காணாமல் போவது. அதற்கு அடுத்த வாரம் வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் 2 வயது வரை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். என் தங்கை மகனுக்கு அப்படிக் கணக்கிட்டதும் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டு மொழி பேசும் வீடு என்பதால் பேச்சு தாமதமாகாது, அதைக் காரணமாகச் சொல்லி யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

பணம் ஒரு தடையாக இருந்தால், அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்ப்பார்கள். மாவட்ட அளவில் டிஇஐசி என்ற மையத்துக்கு அனுப்புவார்கள், அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். மருத்துவரிடம் போகும்போது ஃபோனில் ஒரு நிமிட வீடியோ நாலைந்து எடுத்துப் போங்கள். புது இடத்தில் குழந்தை மடியை விட்டு இறங்காது, வீட்டில் செய்வதில் பத்தில் ஒன்றுகூடச் செய்யாது.

இப்போது அவனுக்கு 2 வயது 10 மாதம். "க" இன்னும் வரவில்லை. கதவு "ததவு", காக்கா "தாத்தா". இந்த வயதில் அது இருக்கலாம், மூன்றரை தாண்டியும் இருந்தால் பார்ப்போம் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை காலை, வாசலில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். பால்காரரின் வண்டி இன்னும் கண்ணில் படவில்லை, இரண்டு வீடு தள்ளி ஹாரன் லேசாகக் கேட்டது. தோண்டுவதை நிறுத்தினான். தலையைத் தூக்கினான். "அம்மா, பாலு வந்தாச்சு, போசி எது?" என்றான். போசியை எடுத்துக் கொடுத்தேன்.